நினிவேக்கு உரைக்கப்பட்ட இரண்டு தீர்க்கதரிசனங்கள்

நேயர்களுக்கு வணக்கம். தேவனுடைய நியாயத்தீர்ப்பையும் அவர் அருளும் இரட்சிப்பையும் குறித்துப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். மிகப் பரந்த பொருள் இது. ஆகவே பழைய ஏற்பாட்டின் சிறு நூல்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: யோனா, நாகூம். இரண்டும் நினிவே என்ற ஒரே நகரத்தை நோக்கியவை. முதல் நூலில் அந்நகரம் பிழைக்கிறது; இரண்டாவதில் அதன் அழிவு அறிவிக்கப்படுகிறது.

இன்றைய ஈராக்கில், டைகிரிஸ் ஆற்றங்கரையில், மோசூல் நகரை ஒட்டிக் கிடக்கும் இடிபாடுகளே பண்டைய நினிவே. அது அசீரியப் பேரரசின் தலைநகராக விளங்கியது. வட இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவைக் கி.மு. 722 அளவில் வீழ்த்தியதும், கி.மு. 701-ல் தென் அரசான யூதாவுக்குள் புகுந்து லாகீஸ் கோட்டையைக் கைப்பற்றியதும் அசீரியப் படைதான். லாகீஸ் முற்றுகையை மன்னன் சனகெரிப் தன் நினிவே அரண்மனைச் சுவர்களில் சிற்பமாகச் செதுக்கி வைத்தான். கழுமரத்தில் ஏற்றப்பட்டவர்களையும், குடும்பம் குடும்பமாக நாடுகடத்தப்பட்டவர்களையும், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள அந்தக் கற்பலகைகளில் இன்றும் காணலாம். தான் செய்த கொடுமையை மறைக்க முயலாமல் வெற்றிச் சின்னமாகக் காட்டி மகிழ்ந்த அரசு அது.

இதை மனதில் வைத்து யோனாவின் நூலைப் படித்தால், நினிவேக்குப் போய்ப் பிரசங்கிக்கும்படி தேவன் அனுப்பிய தீர்க்கதரிசியான அவர் ஏன் எதிர்த்திசையில் தர்சீஸ் என்ற தொலைதூர இடத்துக்குக் கப்பல் ஏறினார் என்பது புரியும். அவர் அஞ்சி ஓடினார் என்று நாம் சிறுவயதில் கேட்டிருப்போம். நூலோ வேறு காரணம் சொல்கிறது. "இன்னும் நாற்பதுநாள் உண்டு, அப்பொழுது நினிவே கவிழ்க்கப்பட்டுப்போம்" என்று அவர் கடைசியில் நினிவேக்கே போய் அறிவித்த பிறகு, அரசன் முதல் எளியவர் வரை அனைவரும் துக்கத்தின் அடையாளமாக இரட்டுடுத்தி உபவாசித்து, தங்கள் கைகளிலிருந்த கொடுமையை விட்டுத் திரும்புகிறார்கள். தேவன் அழிவை வரப்பண்ணவில்லை. அப்போதுதான் யோனா கோபத்தோடு உண்மையை உடைத்துச் சொல்கிறார்: நீர் இரக்கமும் நீடிய சாந்தமும் மிகுந்த கிருபையும் உள்ள தேவன் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் ஓடினேன். தாம் சுமந்து வந்த தீர்ப்பு நிறைவேறாமல் போய்விடுமோ என்பதே அவருடைய கவலை. இந்நிகழ்வு வரலாறா, போதனைக்காக எழுதப்பட்ட கதையா என்ற விவாதம் அறிஞரிடையே உண்டு. நான் சொல்ல வருவது அந்த விவாதத்தின் முடிவைச் சார்ந்ததன்று.

யோனா கோபத்தில் சொன்ன அந்த வார்த்தைகள் அவருடைய சொந்த வார்த்தைகள் அல்ல. சீனாய் மலையடியில் இஸ்ரவேலர் பொன் கன்றுக்குட்டியை வணங்கிய பின்பு, மோசேக்கு முன்பாகத் தேவன் தம்மைக் குறித்துத் தாமே கூறிய அறிக்கை, யாத்திராகமம் 34-ஆம் அதிகாரத்தில் உள்ளது. அதன் முற்பகுதி அவரை இரக்கமும் கிருபையும் உள்ளவர், அக்கிரமத்தை மன்னிக்கிறவர் என்று சொல்கிறது. பிற்பகுதி, குற்றவாளியை அவர் குற்றமற்றவனாக விடமாட்டார் என்கிறது. யோனா முற்பகுதியை மட்டும் எடுத்து அதையே தேவன்மேல் குற்றச்சாட்டாக வைக்கிறார். நாகூமும் இதே அறிக்கையோடுதான் தம் நூலைத் தொடங்குகிறார். ஆனால் "கர்த்தர் நீடிய சாந்தமும், மிகுந்த வல்லமையுமுள்ளவர்" என்று கூறிவிட்டு, தண்டனையின்றி அவர் யாரையும் தப்பவிடார் என்ற பிற்பகுதிக்கு நேரே சென்றுவிடுகிறார். ஒரே அறிக்கையின் இரு பாதிகளையும் ஒரே நகரத்தின்மேல் வைத்துப் பார்க்கிற இந்த இரு நூல்களும் வேதாகமத்தில் அடுத்தடுத்து நிற்காமல், நடுவில் மீகா மட்டும் இருக்க, சற்றே தள்ளி நிற்கின்றன. இரண்டும் கேள்வியோடு முடிகின்றன என்பதும் கவனிக்கத்தக்கது. வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் அறியாத 1,20,000-க்கும் அதிகமான மனிதரும், மிருகஜீவன்களும் உள்ள நகரத்துக்காக நான் பரிதபியாதிருப்பேனோ என்று யோனாவில் தேவன் கேட்கிறார். உன் ஓயாத கொடுமை யார்மேல்தான் பாயவில்லை என்று நாகூமில் அசீரிய அரசனை நோக்கிக் கேட்கப்படுகிறது. கி.மு. 612-ல் பாபிலோனியரும் மேதியரும் சேர்ந்து நினிவேயைத் தரைமட்டமாக்கினார்கள்.

நாகூமை வாசிக்க நம்மில் பலர் தயங்குகிறோம். ஆனால் லாகீசிலிருந்து பிள்ளைகளோடு துரத்தப்பட்ட ஒரு தாயின் இடத்திலிருந்து அதைக் கேட்டால், நியாயத்தீர்ப்பு என்பதே நற்செய்தியாக ஒலிக்கும். கொடுமைக்குக் கணக்குக் கேட்காத தேவன் கொடுமைக்கு உள்ளானவருக்கு எப்படி இரட்சகராக முடியும்? இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் போதித்த மார்சியோன், நியாயந்தீர்க்கும் பழைய ஏற்பாட்டுத் தேவன் வேறு, இயேசு அறிவித்த அன்பின் பிதா வேறு என்று பிரித்தார். திருச்சபை அப்போதனையைத் தள்ளியது. அது செய்தது சரியே என்பது என் எண்ணம். அப்படிப் பிரித்தால், தீமையைக் கண்டும் காணாதிருக்கிற ஓர் அன்பே நமக்கு மிஞ்சும்.

ஆயினும் இரு பாதிகளும் எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி எஞ்சுகிறது. எரேமியா 18-ஆம் அதிகாரம் அதில் ஒரு பகுதிக்கு விடையளிக்கிறது: அழிப்பேன் என்று எந்தத் தேசத்தைக் குறித்துத் தேவன் சொன்னாரோ, அந்தத் தேசம் தீமையை விட்டுத் திரும்பினால் அவரும் அந்தத் தீர்மானத்தை விட்டுத் திரும்புகிறார். அப்படியானால் யோனா அறிவித்த அந்த நாற்பது நாட்களே கிருபையின் காலம். அழிப்பது மட்டுமே நோக்கமாயிருந்தால் முன்னறிவிப்பு தேவையில்லை. ஆனால் மனந்திரும்புகிறவன் ஏற்கெனவே சிந்திய இரத்தம் என்னவாகும்? அதற்கு மன்னிப்பின் பேரில் வெறும் மறதிதான் விடையா? கிறிஸ்தவ விசுவாசம் இங்கே சிலுவையைக் காட்டுகிறது. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில், கிறிஸ்துவின் இரத்தத்தினாலே தேவன் தாமும் நீதியுள்ளவராக இருந்து, இயேசுவை விசுவாசிக்கிறவனையும் நீதிமானாக்குகிறார் என்கிறார். சீனாயில் சேர்த்துச் சொல்லப்பட்ட இரு பாதிகளும், ஒன்று மற்றொன்றை விழுங்காமல், அங்கே நிறைவேறுகின்றன. இது எவ்வாறு நடைபெறுகிறது என்பதைக் கிழக்கத்திய, மேற்கத்தியத் திருச்சபைகள் வெவ்வேறாக விளக்கினாலும், குற்றத்தின் பாரத்தைத் தேவனே கிறிஸ்துவில் ஏற்றுக்கொண்டார் என்பதை அனைவரும் அறிக்கையிடுகிறார்கள்.

இயேசுவும் நினிவேயைக் குறித்துப் பேசியிருக்கிறார். நியாயத்தீர்ப்பு நாளிலே நினிவே மக்கள் எழுந்து இந்தச் சந்ததியார்மேல் குற்றஞ்சுமத்துவார்கள், ஏனெனில் அவர்கள் யோனாவின் பிரசங்கத்தைக் கேட்டு மனந்திரும்பினார்கள் என்று, மத்தேயு 12-ஆம் அதிகாரத்தில், வேதத்தை நன்கு கற்ற வேதபாரகருக்கும் பரிசேயருக்கும் அவர் சொன்னார்.

நன்றி, வணக்கம்.