தேதியைக் கேட்காதீர்கள், நாட்களைப் பாருங்கள்

நடுவர் ஐயா அவர்களே, எங்கள் அணித் தலைவி அக்கா அவர்களே, நான் வாயைத் திறக்குமுன்பே சிரிக்கத் தொடங்கிவிட்ட எதிரணி நண்பர்களே, கரண்ட் எப்போது போகுமோ என்ற கவலையோடும் இந்த ரங்கூன் ஆலய மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வேறு சமயத்திலிருந்து நட்புக்காக வந்திருக்கிறவர்களுக்கு என் வணக்கம்.

"ஒருவர் மறுபடியும் பிறந்திருக்கிறார் என்பதற்குச் சான்று, அவர் சொல்லும் அந்த நாளா, அதற்குப் பின் அவர் வாழும் நாட்களா?" இதுதான் தலைப்பு. வேறு சமய நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: மறுபடியும் பிறப்பது என்றால் மறுஜன்மம் அல்ல, ஆவியானவரால் உள்ளம் புதிதாகப் பிறப்பது. நான் இரண்டாவது பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் மூன்று பேரைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினார். மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, அப்போஸ்தலன் பவுல், இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்வன். மூன்று பேருக்கும் ஒரு நாள் உண்டு, ஒரு நேரம் உண்டு, அதுவே சான்று என்றார். கைதட்டலும் நிறைய வாங்கினார். அந்த மூன்று பேரையும் அப்படியே கூண்டில் நிற்க வையுங்கள். குறுக்கு விசாரணை பாக்கி இருக்கிறது.

வெஸ்லியை எடுத்துக்கொள்வோம். 1738 மே 24, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டம், இரவு எட்டே முக்கால் மணி, ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்க, இவருக்கு இருதயம் அனல்கொண்டது. அண்ணன் மணிக்கணக்கோடு சொன்னார். எல்லாம் உண்மை. ஆனால் அண்ணன் அதே நாட்குறிப்பில் சில பக்கம் புரட்டியிருந்தால் 1739 ஜனவரி 4 வந்திருக்கும். ஏழு மாதம்தான் ஆகிறது. அங்கே வெஸ்லி, நான் இப்போது கிறிஸ்தவன் அல்ல என்று எழுதிவைத்திருக்கிறார்! காரணமும் சொல்கிறார்: அன்பு, சமாதானம், சந்தோஷம் என்ற ஆவியின் கனிகள் என்னிடம் இல்லையே என்கிறார். கவனியுங்கள் ஐயா. மே மாதத்துத் தேதி அவர் கையிலேயே இருக்கிறது. இருந்தும் தன்னை அளக்க அதை எடுக்கவில்லை, கனியைத்தான் தேடினார். அண்ணன் அழைத்து வந்த சாட்சி எங்கள் அணிக்குச் சாட்சி சொல்கிறார். நன்றி அண்ணே.

அடுத்தது பவுல். தமஸ்கு வழியில் வெளிச்சம், விழுந்தார், எழுந்தார், முடிந்தது கதை என்கிறார்கள். முடியவில்லையே! எருசலேமுக்கு வந்து சீஷரோடு சேரப் பார்த்தபோது, "எல்லாரும் அவனைச் சீஷனென்று நம்பாமல் அவனுக்குப் பயந்திருந்தார்கள்" என்று அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரம் சொல்கிறது. ஏன் பயப்படமாட்டார்கள்? நேற்றுவரை விசுவாசிகளை வீடு புகுந்து சிறைக்கு இழுத்துப்போன ஆள். சீஷர்களில் ஒருவரான பர்னபா வந்து பரிந்து பேசினார். வழியில் பவுல் கர்த்தரைக் கண்டதைச் சொன்னார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதோடு நிறுத்தினாரா? தமஸ்குவில் இயேசுவின் நாமத்தினாலே இவர் தைரியமாய்ப் பிரசங்கித்ததையும் சேர்த்துச் சொன்னார். வெளிச்சத்தை மட்டும் சொல்லி ஆளை உள்ளே விடச் சொல்லும் துணிச்சல் பர்னபாவுக்கே இல்லை!

இன்னொன்று. கலாத்தியர் ஏற்கெனவே விசுவாசிகள். அவர்களுக்குப் பவுல் எழுதுகிறார்: "கிறிஸ்து உங்களிடத்தில் உருவாகுமளவும் உங்களுக்காக மறுபடியும் கர்ப்பவேதனைப்படுகிறேன்." எப்போதோ பெற்ற பிள்ளைகளுக்காக இன்னும் பிரசவ வேதனைப்படுகிற தாயாக அவர் பேசுகிறார். ஒரு மாலையில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர் பேசும் பேச்சா இது?

கள்வன் விஷயத்தில் அண்ணன் பக்கம் பலம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அவனுக்கு நாட்களே கிடைக்கவில்லை. ஆனால் கிடைத்த அந்த மணி நேரத்தில் அவன் செய்ததைப் பாருங்கள். நாம் நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம் என்று தன் குற்றத்தை ஏற்றான். பக்கத்தில் தொங்கியவனைக் கண்டித்தான். குற்றமில்லாதவருக்காகப் பரிந்து பேசினான். ஆணி அடித்த கையோடு ஒரு மனிதன் செய்யக்கூடியதை எல்லாம் செய்துவிட்டான். கை கால் நன்றாக இருக்கிற நாம் அவனைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கலாமா?

சரி, யூதேயாவும் லண்டனும் போதும், நம்ம பர்மாவுக்கு வருவோம். அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1813இல் இதே ரங்கூனில் வந்து இறங்கினார். முதல் பர்மியருக்கு அவர் ஞானஸ்நானம் கொடுத்தது 1819இல். ஆறு வருஷம்! நம்ம கன்வென்ஷன் கூட்டங்களில் ஆறு நிமிஷம் கைதூக்கச் சொல்லிவிட்டு ஆறு பேரை எண்ணி அறிக்கை அனுப்புகிறோம்.

கோ தா பியூவை உங்களில் பலருக்குத் தெரியும். கரீன் இனத்தவர். கொள்ளைக்காரர், முப்பது கொலைவரை தனக்குப் பங்குண்டு என்று அவரே சொன்ன மனிதர். கடனுக்கு அடிமையாகக் கிடந்தார். ஒரு பர்மியக் கிறிஸ்தவர் கடனைக் கட்டி வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். இவருடைய கோபத்தை அந்த வீட்டாரால் தாங்க முடியவில்லை. பிறகு ஜட்சன் ஏற்றுக்கொண்டார். வந்த அன்றே தண்ணீரில் இறக்கிவிடவில்லை. நடுவயதில் எழுத்துக் கற்றார், கேள்வி கேட்டார், மெல்ல மெல்ல மாறினார். 1828 மே மாதம் தவோய் ஊரில் ஞானஸ்நானம். அண்ணன் எழுந்து "பார், தேதி இருக்கிறதே" என்பார். இருக்கட்டும். அந்த ஒரு தேதிக்காகவா கரீன் சபைகள் அவரை நினைக்கின்றன? அதன்பின் பன்னிரண்டு வருஷம், 1840இல் அரக்கானில் சாகும்வரை, மலைக்கும் ஆற்றுக்கும் இடையே கிராமம் கிராமமாக நடந்தாரே, அதற்காகத்தான் பசேன் ஊரில் 1878இல் அவர் பெயரில் மண்டபம் எழுந்தது. பழைய கொள்ளைக்காரன் வருகிறான் என்று கேட்டால் கதவை அடைக்க வேண்டிய ஜனங்கள், பாய் விரித்து உட்காரவைத்தார்கள். அவர்கள் தேதியா கேட்டார்கள்?

எதிரணியிலிருந்து ஒரு கேள்வி வரும், வருமுன்பே பதில் சொல்லிவிடுகிறேன். "அப்படியானால் கிரியையினால் இரட்சிப்பா?" இல்லை. தீத்து 3ஆம் அதிகாரம், நாம் செய்த நீதியின் கிரியைகளினிமித்தம் அல்ல, தமது இரக்கத்தின்படியே இரட்சித்தார் என்கிறது. ஆமென். பிறப்பிப்பவர் ஆவியானவர், அதில் ஒரு மயிரிழையும் நமக்குப் பங்கில்லை. ஆனால் இன்றைய தலைப்பு எதனால் பிறந்தோம் என்பதல்ல, பிறந்ததற்குச் சான்று என்ன என்பது. இதற்கு யோவான் நேராகவே பதில் எழுதியிருக்கிறார்: "நாம் சகோதரரிடத்தில் அன்புகூருகிறபடியால், மரணத்தைவிட்டு நீங்கி ஜீவனுக்குட்பட்டிருக்கிறோமென்று அறிந்திருக்கிறோம்." அன்புகூருகிறபடியால் அறிந்திருக்கிறோமாம். தேதி நினைவிருக்கிறபடியால் என்று எழுதவில்லை.

நம்ம வீட்டுக் கிழவிகளைப் பாருங்கள். எத்தனை பேருக்குப் பிறந்த தேதிக்குத் தாள் இருக்கிறது? 1982ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு ஒரு தாளுக்காக நம்ம ஜனம் அலைந்த அலைச்சல் இந்த மண்டபத்தில் யாருக்குத் தெரியாது? தாள் இல்லை என்பதற்காகப் பாட்டி பிறக்கவே இல்லை என்று ஆகிவிடுமா? ஆபீசில் உட்கார்ந்திருப்பவர் தாள் கேட்கட்டும், அது அவர் வேலை. "பிரதர், நீங்க எந்தத் தேதியில இரட்சிக்கப்பட்டீங்க?" என்று நாமும் ஒரு கவுண்டர் திறந்து உட்காரலாமா? பத்து வயதிலிருந்து ஜெபிக்கிற, தேதி சொல்லத் தெரியாத ஒரு அம்மா அந்தக் கேள்வியில் குன்றிப்போகிறார். தேதியைத் தேன்போல் சொல்கிற ஒருவர் சீட்டுப் பணத்தைத் திருப்பித் தராமல் முன்வரிசையில் பாடுகிறார். பக்கத்து வீட்டு பௌத்தக் குடும்பம் நம் சாட்சிக் கூட்டத்துக்கு வருவதில்லை ஐயா. சீட்டுக் கணக்கு மட்டும் அவர்களுக்குத் தெரியும்.

கடைசியாக, இந்த வசனத்தை முதலில் கேட்ட மனிதர். இரவில் இயேசுவிடம் வந்த யூதத் தலைவர் நிக்கொதேமு. "ஒருவன் மறுபடியும் பிறவாவிட்டால் தேவனுடைய ராஜ்யத்தைக் காணமாட்டான்" என்று இயேசு சொன்னது அவரிடம்தான். காற்று எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று உனக்குத் தெரியாது, ஆவியினால் பிறந்தவனும் அப்படியே என்றதும் அவரிடம்தான். அந்த இரவில் அவர் விசுவாசித்தார் என்று யோவான் எழுதவில்லை. "இவைகள் எப்படி ஆகும்" என்று கேட்டதோடு ஆளைக் காணோம். யோவான் சுவிசேஷம் 7ஆம் அதிகாரத்தில் ஆலோசனைச் சங்கத்தார் நடுவே, ஒருவனை விசாரிக்காமல் தீர்ப்பது நம் நியாயப்பிரமாணமா என்று தயங்கித் தயங்கி ஒரு வார்த்தை பேசுகிறார். 19ஆம் அதிகாரத்தில், மூன்று வருஷம் கூடவே திரிந்த சீஷர்களில் பெரும்பாலோர் ஓடிவிட்ட பிறகு, நூறு இராத்தல் வெள்ளைப்போளமும் கரியபோளமும் சுமந்துகொண்டு, இயேசுவின் சரீரத்தை அடக்கம் பண்ண வருகிறார்.

எனக்குப் பின் பேச எழுந்திருக்கிற எதிரணித் தங்கச்சியிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த நிக்கொதேமு மறுபடியும் பிறந்த தேதி எது? 3ஆம் அதிகாரத்திலா, 7இலா, 19இலா? வேதத்தைத் திறந்து காட்டம்மா. காட்டிவிட்டால் நான் இந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உங்கள் பக்கம் வந்து உட்கார்ந்துவிடுகிறேன். நன்றி, வணக்கம்.