நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

(கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான திருவருகைக் காலத்தில், கத்தோலிக்கப் பங்கு ஒன்றின் அன்பியங்களுக்கு, அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுக்களுக்கு, ஆற்றிய உரை)

அன்பார்ந்த சகோதர சகோதரிகளே,

லூக்கா நற்செய்தி 3ஆம் அதிகாரத்தில் ஒரே கேள்வி மூன்று முறை வருகிறது. மக்கள் கேட்கிறார்கள், வரி தண்டுவோர் கேட்கிறார்கள், படைவீரரும் கேட்கிறார்கள்: நாங்கள் என்ன செய்ய வேண்டும்? திருமுழுக்கு யோவான் "அன்பாயிருங்கள்" என்று பொதுவாகச் சொல்லி அனுப்பிவிடவில்லை. இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவருக்குக் கொடுக்கட்டும் என்கிறார். வரி தண்டுவோரிடம், விதித்ததற்கு மேல் வாங்காதீர்கள் என்கிறார். ஆளுக்கேற்ற பதில், அளவோடு பதில். நம் கிறிஸ்துமஸ் சேவையும் அப்படித் திட்டமாக இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

முதியோர் இல்லத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 25 மதியம் மூன்று குழுக்கள் சாப்பாட்டோடு வாசலில் நிற்கும். ஜனவரி 10 அன்று எட்டிப் பார்க்க ஆளிருக்காது. முப்பது பேர் மூன்று அண்டா பிரியாணியை என்ன செய்வார்கள்? டிசம்பர் முதல் வாரமே பொறுப்பாளருக்குப் போன் போட்டு நான்கு விஷயம் கேளுங்கள்: மொத்தம் எத்தனை பேர், சர்க்கரை எத்தனை பேருக்கு, மெல்ல முடியாதவர் எத்தனை பேர், எந்த நாள் யாரும் வராத நாள். பல்லில்லாத பாட்டிக்குக் கோழித்துண்டு விருந்தல்ல, ஏக்கம். குழைய வடித்த சாதம், மசித்த பருப்பு, நன்றாக வெந்த கூட்டு, மிளகு ரசம்: அதுதான் அவருக்குக் கிறிஸ்துமஸ் விருந்து.

சமையலில் தவறுவது பெரும்பாலும் நேரத்தில். பெரியவர்களுக்குத் தலைக்கு 100 கிராம் அரிசி வீதம், 100 பேருக்கு 10 கிலோ போதும். உழைக்கிற இளவட்டம் என்றால் 12 கிலோ. விடியற்காலை 4 மணிக்கு இறக்கி, 7 மணிக்குப் பொட்டலம் கட்டி, திருப்பலி, வாழ்த்து, போட்டோ எல்லாம் முடித்து 1 மணிக்குக் கொடுத்தால் அது ஆபத்தான சோறு. பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாது. சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி வெதுவெதுப்பாகக் கிடக்கும் சோற்றில் அது பெருகும். அது உண்டாக்கும் நச்சில் ஒரு வகை, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. மூடிய டப்பாவின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கிறதே, அந்த ஈரத்தில் சோறு இன்னும் சீக்கிரம் கெடும். ஆகவே காலைத் திருப்பலி முடிந்த பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் சோறு இலையில் விழ வேண்டும்.

மளிகைப் பை கொடுப்பவர்கள் முதலில் அரிசியைத்தான் வாங்குகிறோம். ரேஷன் அட்டை உள்ள வீட்டில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது; கையில் காசில்லாமல் தள்ளிப்போடுவது எண்ணெய், சோப்பு, நாப்கின், இரத்தக்கொதிப்பு மாத்திரை. வீட்டுக்காரியிடம் கேட்டால் அவரே சொல்வார். அட்டை இல்லாத குடும்பத்துக்கு அரிசியே முதல் தேவையாக இருக்கலாம், அதையும் கேட்டால்தான் தெரியும்.

நடைபாதையில் படுப்பவருக்குக் கனத்த கம்பளி வேண்டாம். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முழுவதும் விட்டிருக்காது. ஒரு முறை நனைந்த கம்பளி காயாது, இரண்டே நாளில் நாறும், பிறகு தூக்கிப் போட வேண்டியதுதான். வெயில் கண்டால் ஒரு பகலில் காய்கிற மெல்லிய பருத்திப் போர்வை ஒன்று, கீழே விரிக்க 6 அடி தார்ப்பாய் ஒன்று. பழைய துணி கொடுப்பதானால் ஜிப், பட்டன், கால்சட்டை நாடா எல்லாம் பார்த்து, துவைத்து மடித்துக் கொடுங்கள். நாம் போட்டுக்கொள்ளக் கூசுகிற துணி காணிக்கை ஆகாது.

குழந்தைகள் இல்லத்தில் கேக் வெட்டும் படத்தை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. சட்டமே இல்லையென்றாலும், வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்ற ஆண்டவரின் வார்த்தை நமக்கு இருக்கிறது.

1833இல் பாரிஸில் ஃபிரடெரிக் ஓசானாமும் நண்பர்களும் ஏழைகளுக்கு உதவத் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை இன்றும் இருவர் இருவராக வீடு சந்திக்கிறது. வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிப் போகும் நம் கேரல் பவனிக்கும் அந்த முறை பொருந்தும். படுக்கையில் இருப்பவர்கள், ஆலயத்துக்கு வர முடியாதவர்கள் வீடுகளுக்கு இரவு 11 மணிக்குக் கடைசியாகப் போகிறோம், அவர்கள் தூங்கிவிட்டிருப்பார்கள். இந்த முறை மாலை 6 மணிக்கு அவர்கள் வீட்டில் தொடங்குவோம். டிரம் வெளியே இருக்கட்டும். இருவர் மட்டும் உள்ளே போய் ஒரு பாட்டு பாடி, கட்டில் பக்கத்தில் கால் மணி நேரம் உட்காருங்கள். மருந்துச் சீட்டைப் பாருங்கள், மருத்துவமனைக்கு அழைத்துப்போக ஆள் உண்டா என்று கேளுங்கள்.

வெளியே மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். ஒவ்வொரு அன்பியமும் தன் தெருவில் இப்படி மூன்று வீடுகளை எழுதி, பக்கத்தில் டிசம்பரில் ஒரு தேதியும் பிப்ரவரியில் ஒரு தேதியும் குறித்துவிட்டுப் போங்கள்.