படத்தின் பின்பக்கத்தில் எழுதியிருந்த ‘நான்’

நேயர்களுக்கு என் வணக்கம்.

முதலில் ஒரு சின்னக் கேள்வி. கையில் வேலை இருந்தால் பரவாயில்லை, மனசுக்குள்ளேயே பதில் சொல்லிப் பாருங்கள். உங்கள் அப்பாவைப் பெற்றவர்கள் இரண்டு பேர், அம்மாவைப் பெற்றவர்கள் இரண்டு பேர். அந்த நான்கு பேரையும் பெற்றவர்கள் எட்டுப் பேர். எட்டில் நான்கு பேர் பெண்கள், உங்கள் கொள்ளுப் பாட்டிகள். அந்த நான்கு பேருடைய பெயரும் உங்களுக்குத் தெரியுமா?

நான் இதைக் கேட்ட இடத்திலெல்லாம் கொள்ளுத் தாத்தா பெயர் ஒன்றோ இரண்டோ சட்டென்று வந்துவிடும். பத்திரத்தில் இருக்கும், இல்லாவிட்டால் பேரன் ஒருவனுக்கு அந்தப் பெயரை வைத்திருப்பார்கள். கொள்ளுப் பாட்டி என்றதும் ஒரு தயக்கம். “பெரியவங்க யாரையாவது கேட்கணும்” என்பார்கள். கேட்க வேண்டிய அந்தப் பெரியவர் இன்னும் இருக்கிறாரா என்று அடுத்த நொடியே முகத்தில் ஒரு யோசனை ஓடும். எனக்கும் முதலில் ஒரே ஒரு பெயர்தான் தெரிந்திருந்தது. இன்று நான் பேச வந்திருப்பது அங்கிருந்து தொடங்கியதுதான்.

என் அம்மாவின் அம்மா வைத்திருந்த ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் என்னிடம் வந்து சேர்ந்தது. இரண்டு பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், பக்கத்தில் பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். படம் எடுக்கும் நேரத்தில் விரலை அசைத்துவிட்டாள் போல, அந்த விரல்கள் மட்டும் கலங்கித் தெரிகின்றன. திருப்பிப் பார்த்தால் மையில் ஒரே ஒரு வரி: ‘அம்மா, பெரியம்மா, நான்.’

எழுதியவருக்கு அதில் எந்தக் குழப்பமும் இல்லை. எனக்கோ அந்த மூன்று சொல்லில் ஒன்றுகூட உதவவில்லை. யாருடைய அம்மா? யாருக்குப் பெரியம்மா? யார் அந்த ‘நான்’?

நம் மொழியில் உறவுச் சொற்கள் அவ்வளவு நுட்பமானவை. பெரியப்பா என்றால் போதும், அப்பாவுக்கு மூத்தவர் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே வந்துவிடும். அத்தை, சித்தி, மாமா என்று ஒவ்வொன்றிலும் யார் வழி உறவு என்பதும் இருக்கிறது. ஆனால் இவை எல்லாமே சொல்பவர் நிற்கும் இடத்திலிருந்து சொல்லப்படுபவை. எனக்கு அத்தை, என் அம்மாவுக்கு நாத்தனார், என் மகளுக்குப் பாட்டி. சொன்னவர் போய்விட்டால் அந்தச் சொல் பிடிமானம் இல்லாமல் நிற்கிறது. வீட்டில் மரியாதைக்காகப் பெயர் சொல்லாமல் முறை சொல்லியே கூப்பிடுகிறோம், அது அழகான பழக்கம்தான். அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டே பெயர் இரண்டு தலைமுறையில் காணாமல் போய்விடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தச் சிறுமி எங்கள் பாட்டிதான் என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். பாட்டியின் படம், பாட்டியின் பெட்டி, அப்புறம் வேறு யாராக இருக்க முடியும்? சில வருடங்கள் கழித்து, உறவினர்கள் எல்லோரும் ஒருநாள் கூடினோம். பாட்டியின் தங்கை, எங்கள் சின்னப் பாட்டி, அப்போது எண்பதைத் தாண்டியிருந்தார். படத்தைக் கொடுத்தேன். அவர் முகங்களைப் பார்க்கவே இல்லை. திருப்பி எழுத்தைப் பார்த்தார். விரலால் அந்த ‘நா’வை ஒரு தடவை தடவினார்.

“இது அக்கா எழுத்து இல்ல கண்ணா. இது பெரியக்கா எழுத்து.”

எங்கள் பாட்டிதான் மூத்தவர் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தோம். அவருக்கு மேலே ஒருவர் இருந்திருக்கிறார். பதினாறு வயதில் இறந்துவிட்டார். அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் அவரைப் பற்றிப் பேசவில்லை, பேசினால் அவர்கள் அம்மா தாங்க மாட்டார் என்று. பேசாமல் இருந்தது அன்பினால்தான். அந்த அன்பினாலேயே ஒரு மனுஷி எங்கள் குடும்பத்தின் நினைவிலிருந்து முழுசாக மறைந்திருந்தார். சின்னப் பாட்டி அன்று அவர் பெயரைச் சொன்னார். அந்தப் பெயர் எங்கள் வீட்டுக்குள் இருக்கட்டும், இங்கே சொல்லவில்லை.

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. குடும்பக் கூடல் என்று வருடக்கணக்கில் திட்டம் போட்டு, மண்டபம் பார்த்து, எல்லோரையும் வரவழைத்து, கடைசியில் குழுவாக நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடுகிறோம். சந்தோஷமான விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அறையிலேயே மூத்தவர் ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். வருகிறவர்கள் எல்லோரும் “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஒரு படத்தோடு அவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார யாருக்காவது தோன்ற வேண்டும். என்னைக் கேட்டால், அந்த ஒரு மணி நேரத்துக்காகவே கூடலாம்.

‘நம்ம ரத்தம்’ என்று சொல்லிக்கொள்கிறோம். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பெற்றோர் இரண்டு, தாத்தா பாட்டி நான்கு, அப்புறம் எட்டு என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் இரட்டித்துக்கொண்டே போனால் பத்தாவது தலைமுறையில் 1,024 பேர் வருவார்கள். இருபதாவதில் பத்து லட்சத்தைத் தாண்டும். முப்பதாவதில் 107 கோடிக்கு மேல். அந்தக் காலத்தில் உலகத்திலேயே அத்தனை பேர் கிடையாது. அதனால் ஒரே ஆள் பல வழியில் திரும்பத் திரும்ப முன்னோராக வருகிறார். இன்று தெருவில் எதிரே வருகிற முகம் தெரியாதவரும் நாமும் எங்கோ ஓர் இடத்தில் ஒரே பாட்டியிடம் போய்ச் சேருவோம்.

அதே கணக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கொள்ளுப் பாட்டியின் மரபணுவில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு நமக்கு வருகிறது. அது தூள் தூளாகக் கலந்து வருவதில்லை, துண்டு துண்டாக வருகிறது. தலைமுறை ஏற ஏறச் சிலருடைய துண்டு ஒன்றுகூட நம்மிடம் வந்து சேருவதில்லை. பத்துத் தலைமுறைக்கு முந்தைய அந்த 1,024 பேரில் பலருடைய மரபணு நம் உடம்பில் துளியும் இல்லை. அவர்களும் நம் முன்னோர்தான், அவர்களில் ஒருவர் இல்லாவிட்டாலும் நாம் இல்லை. ஆனால் உடம்பில் அவர்களுக்கு அடையாளம் கிடையாது. யாராவது எழுதி வைத்திருந்தால்தான் உண்டு.

தாய்வழிக்கு உடம்பு ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. நம் உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணு அம்மாவிடமிருந்துதான் வருகிறது. அம்மாவுக்கு அவர் அம்மா, அவருக்கு அவர் அம்மா என்று அந்த வரிசை அறுபடாமல் வருகிறது. எழுதிவைத்த கொடிவழிகளோ பெரும்பாலும் அந்த வரிசையைத்தான் முதலில் விட்டுவிட்டன. உலகத்திலேயே மிக நீண்ட குடும்ப மரம் சீனத்தின் கன்பூசியஸ் குடும்பத்தினுடையது என்பார்கள். எண்பது தலைமுறைக்கு மேல், இருபது லட்சம் பெயர்கள். அத்தனை கவனமாகக் காத்த அந்தப் பதிவில் பெண்களையும் வாரிசாகச் சேர்த்தது 2009-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான். அவ்வளவு பெரிய குடும்பத்துக்கே அத்தனை காலம் ஆகியிருக்கிறது. நம் வீட்டுக் கொடிவழியில் நாம் இன்று மாலையே சேர்த்துவிடலாம். ஒரு தாளும் ஒரு தொலைபேசி அழைப்பும் போதும்.

சரி, பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது? “உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க” என்று கேட்டால் “என்னத்தச் சொல்ல, ஏதோ ஓடிப்போச்சு” என்பார்கள். அது மிகப் பெரிய கேள்வி, அவர்களால் அதை எங்கே பிடிப்பது என்று தெரியாது. சின்னதாகக் கேளுங்கள். நீங்கள் படுத்துத் தூங்கிய அறையில் எத்தனை பேர் இருந்தீர்கள்? காலையில் முதலில் எழுந்திருப்பது யார்? வீட்டில் யாருக்குக் கோபம் அதிகம்? யாரைப் பார்த்தால் ஒளிந்துகொள்வீர்கள்? அந்த அறைக்குள் அவர்கள் நுழைந்துவிட்டால் மற்றவை தானாக வரும். கையில் ஒரு படம் இருந்தால் இன்னும் நல்லது. அவர்கள் பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தில் அவசரப்பட்டு அடுத்த கேள்வியைப் போட்டுவிட்டால் வர இருந்தது திரும்பிப் போய்விடும். வருஷத்தைத் தப்பாகச் சொன்னால் நடுவில் திருத்தாதீர்கள், அப்புறம் சரிபார்த்துக்கொள்ளலாம். “இத எழுதாத” என்று சொன்னால் எழுதாதீர்கள். அந்த நம்பிக்கை போனால் பிறகு எதுவுமே கிடைக்காது.

கேட்பதில் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் என்ற இரண்டு உளவியலாளர்கள் குழந்தைகளிடம் குடும்பத்தைப் பற்றி இருபது கேள்விகள் கேட்டார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அம்மாவும் அப்பாவும் எப்படிச் சந்தித்தார்கள் என்பது போன்ற கேள்விகள்தான். அதிகப் பதில் தெரிந்த பிள்ளைகளிடம் தன்னம்பிக்கையும் அதிகமாக இருந்தது. விடைகளை மனப்பாடம் செய்ய வைப்பதால் அது வந்துவிடாது என்பதையும் அவர்களே சொன்னார்கள். அந்தக் கதைகளை யாரோ உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள், பிள்ளை பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறது. விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஏறுமுகமாகவே ஓடிய குடும்பக் கதையைவிட, விழுந்து எழுந்த கதைதான் பிள்ளைகளுக்குத் தெம்பு தருகிறது என்றும் டியூக் சொல்கிறார். அதனால் நொடித்துப்போன காலத்தையும், தேர்வில் தோற்ற மாமாவையும் மறைக்க வேண்டாம். சொல்லும்போது அன்போடு சொன்னால் போதும்.

இப்போது என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று சின்னப் பாட்டி பேசியதைக் கைபேசியில் பதிவு செய்தேன், கிட்டத்தட்ட நாற்பது நிமிடம். ‘அப்புறம் கணினியில் ஏற்றிக்கொள்ளலாம்’ என்று விட்டுவிட்டேன். சில மாதத்தில் அந்தக் கைபேசி தண்ணீரில் விழுந்தது. அவ்வளவுதான். எழுத்தைத் தடவிக்கொண்டே அவர் ‘பெரியக்கா’ என்று சொன்ன அந்தக் குரல் போய்விட்டது. பழைய ஆவணங்களைக் காப்பவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எதற்கும் மூன்று பிரதி வேண்டும், அவை இரண்டு விதமான சாதனங்களில் இருக்க வேண்டும், ஒன்றாவது வேறு வீட்டில் இருக்க வேண்டும். எனக்கு அது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. உங்கள் வீட்டில் பழைய ஒலிநாடாக்கள் இருந்தால் அவற்றையும் தள்ளிப்போட வேண்டாம். நாடா கெடுவது ஒரு பக்கம், அதைப் போட்டுக் கேட்கும் கருவியே அரிதாகிக்கொண்டு வருகிறது.

படங்களைப் பொறுத்தவரை, லேமினேஷன் செய்துவிடாதீர்கள். பாதுகாப்பு என்று நினைத்துத்தான் செய்கிறோம், ஆனால் சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது. பசைத் தாளில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் மூடும் ஆல்பங்களும் வேண்டாம், அந்தப் பசை நாளாக ஆகப் படத்தைப் பிடித்துக்கொள்ளும். வெயில் படாத, ஈரம் இல்லாத அலமாரி போதும். பின்பக்கம் எழுதுவதென்றால் மென்மையான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல். முறையோடு முழுப் பெயரையும் எழுதுங்கள். எழுதியவர் யார் என்று உங்கள் பெயரையும் போடுங்கள்.

இணையத்தில் குடும்ப மரம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியை எல்லோரும் பார்க்கும்படி வைக்காதீர்கள். வங்கிக் கணக்கைச் சரிபார்க்கக் கேட்பதே அதைத்தான்.

கூடலுக்கான ஏற்பாடுகளைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். செலவுக் கணக்கை எல்லோருக்கும் திறந்து வையுங்கள், வேலையை ஒருவர் தலையில் கட்டாதீர்கள். காது மந்தமானவர்களுக்காக இரைச்சல் இல்லாத ஒரு மூலையை ஒதுக்குங்கள். மனஸ்தாபத்தில் விலகிப்போன கிளை ஒன்று ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவர்களுக்குக் குழுவில் செய்தி போட்டுவிட்டு ‘சொல்லியாச்சு’ என்று இருக்காமல், ஒருவர் நேரில் போய்க் கூப்பிடுங்கள். முதல் தடவை வர மாட்டார்கள். பரவாயில்லை.

பதிவு போன பிறகு மறுபடியும் சின்னப் பாட்டியிடம் போனேன். முன்பு சொன்னதையே திரும்பச் சொல்வார் என்று நினைத்தேன். இந்தத் தடவை வேறு மாதிரி சொன்னார். பெரியக்கா இறந்தது காய்ச்சலில் என்று முதலில் சொன்னவர், இப்போது ரொம்ப நாள் படுத்திருந்தாள் என்றார். முதலில் சொல்லாத ஒன்றையும் சொன்னார்: தனக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்ததே பெரியக்காதான் என்று. எழுத்தைப் பார்த்ததும் எப்படிக் கண்டுபிடித்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டையும் தேதி போட்டுத் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை மூன்று வீட்டில் பிரதி இருக்கிறது.

அந்தப் படத்தில் இப்போது இரண்டு பேருக்குப் பெயர் இருக்கிறது. அம்மாவாக உட்கார்ந்திருப்பவர் என் கொள்ளுப் பாட்டி, கை கலங்கித் தெரிவது பெரியக்கா. நடுவில் இருக்கும் பெரியம்மாவின் பெயர் சின்னப் பாட்டிக்கும் தெரியவில்லை. “பெரியம்மான்னுதான் கூப்பிடுவோம்” என்கிறார். அந்தப் பெரியம்மாவின் வழியில் வந்தவர்கள்தான் எங்களோடு பேச்சு விட்டுப்போன கிளை. போன மாதம் என் மாமா நேரில் போய்க் கூப்பிட்டுவிட்டு வந்தார். அடுத்த கூடலுக்கு வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்களாம். படத்தை எடுத்து வைத்திருக்கிறேன், கூடவே ஒரு பென்சிலும்.

வணக்கம்.