மீன் பெருக வலைக் கண்ணியைப் பாருங்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'நம் கடலில் நாளைக்கும் மீன் இருக்கப் பெரிதும் உதவுவது தடைக்காலமா, வலைக்கட்டுப்பாடா?' இதுதான் தலைப்பு. வலைக்கட்டுப்பாடே, அதாவது வலையின் கண்ணி (ஓட்டை) இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழி தடைக்காலத்தின் பெருமையை அடுக்கினார். 2001-இல் 45 நாளாகத் தொடங்கியது, 2017 முதல் 61 நாள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன, மீன் முட்டையிட்டுப் பெருகுகிறது என்றார். சரி, பெருகட்டும். ஜூன் 15 அன்று என்ன நடக்கிறது என்பதை மட்டும் ஏன் அம்மா விட்டுவிட்டீர்கள்?

தடைக்காலத்தில் பொரித்த குஞ்சு அதற்குள் எவ்வளவு வளர்ந்துவிடும்? அதன் மேல்தான் இழுவைமடி, அதாவது விசைப்படகு இழுத்துச் செல்லும் பை போன்ற வலை, விழுகிறது. ராமேஸ்வரத்தில் விசைப்படகு கரை சேரும் நேரத்தில் போய் நின்று பாருங்கள். இறால், நண்டு, கணவாய் எல்லாம் தனித்தனிக் கூடைக்குப் போய்விடும். மிச்சம் ஒரே குவியலாகக் கிடக்கும். அதற்குச் சங்காயம் என்று பெயர். கையால் கிளறினால் காரல் வரும், நசுங்கிய நண்டுக்குஞ்சு வரும், சுண்டுவிரல் அளவு சங்கரா வரும். வளரவிட்டிருந்தால் ஏலத்தில் நல்ல விலைக்குப் போயிருக்க வேண்டிய மீன், கோழித் தீவனத்துக்குப் போகிறது. வயிறு எரிகிறது ஐயா!

அப்புறம், நம் வெப்பக் கடலில் பல மீன்கள் ஆண்டில் பல மாதங்கள் சினை பிடிக்கின்றன. மிச்சமுள்ள 304 நாளுக்குத் தடைக்காலத்திடம் பதில் இல்லை.

"நடுக்கடலில் யார் போய் வலையை அளப்பது?" என்று எதிரணித் தோழி கேட்டார். நடுக்கடலுக்கு ஏன் போக வேண்டும்? வலையைப் படகில் ஏற்றுவது கரையில். சங்காயத்தை எடை போடுவதும் கரையில். மடியின் கடைசிப் பையில் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதியே இருக்கிறது. அதிலும் வைர வடிவக் கண்ணி இழுக்கிற வேகத்தில் ஒடுங்கிவிடும். சதுரக் கண்ணி திறந்தே நிற்கும், குஞ்சு தப்பிவிடும். கேரளத்தில் மத்தி 10 சென்டிமீட்டரும் கானாங்கெளுத்தி 14 சென்டிமீட்டரும் இல்லாவிட்டால் பிடிக்கக் கூடாது. அதையும் கரையிலேயே அளந்து பார்க்கலாம்.

படகுக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. "நான் மட்டும் கண்ணியைப் பெரிதாக்கினால் பக்கத்துப் படகு அள்ளிக்கொண்டு போகும்" என்கிறார். உண்மைதான். அதனால்தான் எல்லாப் படகுக்கும் ஒரே நாளில் மாற்றச் சொல்கிறோம். தடைக்கால நிவாரணம் தருகிற அரசு சதுரக் கண்ணி மடிக்கும் மானியம் தரட்டும். படகுகள் சும்மா நிற்கிற அந்த 61 நாளிலேயே ஒவ்வொரு மடியையும் அளந்து முடிக்கட்டும்.