விற்காத கேம் பெட்டிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

மட்டக்களப்புக் கல்லடியில் நான் டிவி திருத்தும் கடை வைத்திருந்தேன். 2002இல் போர்நிறுத்தம் வந்து பாதை திறந்தபோது, கொழும்பிலிருந்து மூன்று பழைய பிளேஸ்டேசன் 2 பெட்டிகளை வாங்கி வந்தேன். டிவியில் பூட்டிக் கேம் விளையாடும் பெட்டி அது, சோனி நிறுவனத்தின் தயாரிப்பு. கடையின் பின்னறையில் அவற்றை வைத்து, மணிக்கணக்கில் காசு வாங்கிப் பையன்களை விளையாட விட்டேன். காத்தான்குடி, ஆரையம்பதிப் பக்கத்திலிருந்தெல்லாம் சைக்கிளில் வருவார்கள். இன்று வானொலியில் பேச எனக்கு இடம் கிடைத்ததும் அந்தப் பின்னறையால்தான்.

புதிதாக ஒரு பெட்டி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் அந்தப் பையன்கள் அதன் வேகத்தை விசாரித்ததே இல்லை. "அண்ணா, அதற்கு என்ன கேம் இருக்கிறது?" என்பார்கள். அடுத்து, "வேறு யார் வைத்திருக்கிறார்கள்?" என்பார்கள். அதற்கு முந்திய டிவி கேம் காலத்திலும் இப்படித்தான். ஒழுங்கையில் ஒரு வீட்டில் வாங்கிய கேம் கசெட் எட்டு வீடு சுற்றித் திரும்பி வரும். ஊரில் எவரிடமும் இல்லாத வகைப் பெட்டியை ஒருவன் வாங்கிவிட்டால் அவனுக்குக் கசெட் மாற்ற ஆள் கிடையாது. ஒரு மாதத்தில் அது அலுமாரிக்கு மேலே போய்விடும். கோடிக்கணக்கில் பணம் கொட்டிய நிறுவனங்கள் சறுக்கிய கதைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு கேள்விகள்தான் நினைவுக்கு வருகின்றன.

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் அவர்கள் வெளியிட்ட 'வீ' பெட்டி பத்துக் கோடிக்கு மேல் விற்றது. கையை வீசினால் பந்து போகும், அம்மம்மாமாரும் விளையாடினார்கள். 2012 நவம்பரில் அதற்கு அடுத்ததாக 'வீ யூ' வந்தது. பெயரில் ஓர் எழுத்துத்தான் கூடியிருந்தது. கையில் பிடிக்கும் கருவியில் ஒரு திரையைப் பதித்திருந்தார்கள், விளம்பரங்களிலும் அந்தக் கருவியையே முன்னே காட்டினார்கள். விளைவு, இது பழைய பெட்டிக்குப் பூட்டுகிற உதிரிப்பாகம் என்று பலர் நினைத்தார்கள். அந்தக் குழப்பம் இருந்ததை நிறுவனத்தின் தலைவர் சதோரு இவாட்டாவே ஒப்புக்கொண்டார். கடைசியில் விற்றவை 1 கோடியே 35 இலட்சம் அளவுதான்.

பெயர்க் குழப்பம் தொடக்கம் மட்டுமே. அதற்குப் பிறகு நடந்ததை நம் ஊர் மீன்சந்தையில் பார்த்திருப்பீர்கள். மீன் வராத சந்தைக்குச் சனம் போகாது. சனம் போகாத சந்தையில் வள்ளக்காரர் மீனை இறக்கமாட்டார். ஒரு பெரிய கேமைச் செய்து முடிக்க நூற்றுக்கணக்கானோர் இரண்டு மூன்று வருடம் உழைக்கவேண்டும். வாங்கியவர்கள் குறைவு என்றதும் வெளி நிறுவனங்கள் வீ யூவுக்குக் கேம் செய்வதைக் குறைத்தன. கேம் இல்லை என்றதும் வாங்க நினைத்தவர்களும் பின்வாங்கினார்கள்.

இதில் என் மனத்தை வருத்துவது ஒன்று உண்டு. அந்தப் பெட்டியில் நல்ல கேம்கள் இருந்தன. 2014இல் அதற்கு வந்த 'மரியோ கார்ட் 8' ஏறத்தாழ 84 இலட்சம் பிரதிகள் விற்றது. அதையே சற்று விரிவாக்கி 2017இல் தமது அடுத்த பெட்டியான 'சுவிட்ச்'சுக்குக் கொடுத்தார்கள். ஆறு கோடியைத் தாண்டிப் போனது. அதே பாதைகள், அதே கார்கள். செய்தவர்களின் திறமையில் ஒரு குறையும் இருக்கவில்லை. அவர்களுடைய உழைப்பு மூன்று வருடம் ஆளில்லாத சந்தையில் கிடந்தது.

கடைக்காரரைப் பகைத்துக்கொண்டு விழுந்த பெட்டியும் இருக்கிறது. 1995 மே மாதம் நடந்த ஒரு கேம் கண்காட்சியில், செப்டம்பரில் வரும் என்று சொல்லியிருந்த 'சற்றேர்ண்' பெட்டியைச் சேகா நிறுவனம் அமெரிக்காவில் திடீரென்று இறக்கியது, அதுவும் சில கடைகளுக்கு மட்டும். மற்றக் கடைக்காரர்களுக்குக் கோபம். கேம் செய்பவர்களோ இன்னும் செய்து முடிக்கவில்லை. விலை 399 டொலர். தமது பிளேஸ்டேசன் பெட்டி 299 டொலர் என்று சோனி அதே கண்காட்சியில் அறிவித்துவிட்டது.

நம் பிள்ளைகளுக்கு மிக நெருக்கமான கதை 2013இல் நடந்தது. 'எக்ஸ்பொக்ஸ் வன்' பெட்டியை அறிமுகப்படுத்தியபோது மைக்ரோசொப்ட் இரண்டு நிபந்தனைகளைச் சொன்னது. நாளுக்கு ஒரு தடவையாவது பெட்டி இணையத்தோடு தொடர்புகொள்ளவேண்டும். கேம் இருக்கும் இறுவட்டை இன்னொருவருக்குக் கொடுப்பதிலும் விற்பதிலும் கட்டுப்பாடு இருக்கும். உடனே சோனி ஒரு சிறு காணொளியை வெளியிட்டது. ஒருவர் இறுவட்டை எடுத்து அடுத்தவர் கையில் கொடுக்கிறார், அவர் நன்றி சொல்கிறார், அவ்வளவுதான். எதிர்ப்புக்குப் பணிந்து மைக்ரோசொப்ட் சில நாட்களிலேயே நிபந்தனைகளைக் கைவிட்டது. ஆனாலும் அந்தக் கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது. 499 டொலருக்கு அது வந்தபோது பிளேஸ்டேசன் 4 நூறு டொலர் குறைவாகக் கிடைத்தது. அந்தத் தலைமுறை முழுவதும் பிளேஸ்டேசனே முன்னால் நின்றது. இறுவட்டைக் கைமாற்றுவது எங்களைப் போன்ற ஏழை ஊர்களின் பழக்கம் என்று நான் எண்ணியிருந்தேன். அமெரிக்கப் பிள்ளைகளும் அதையேதான் கேட்டார்கள்.

விலையைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. பிளேஸ்டேசன் 5, 2020 நவம்பரில் 499 டொலருக்கு வந்தது. அன்றைய மாற்று வீதத்தில் அது ஒரு இலட்சம் ரூபாவுக்குள் அடங்கியது. 2022இல் டொலர் 360 ரூபாவைத் தொட்டபோது, வரியும் வியாபாரியின் இலாபமும் சேருமுன்பே ஒரு இலட்சத்து எண்பதாயிரம். பெட்டியில் எந்த மாற்றமும் இல்லை. களுவாஞ்சிகுடியில் ஒரு தகப்பன் இரண்டு வருடம் சேர்த்த பணத்தின் பெறுமதி பாதியாகிவிட்டது.

இறுவட்டுப் போடும் இடமே இல்லாமல் மலிவாக வரும் பெட்டிகளும் உண்டு. அவற்றில் கேமை இணையத்தில்தான் வாங்கி இறக்கவேண்டும். சில காலத்துக்கு முன்பு ஒரு தாய் மகனோடு என்னிடம் யோசனை கேட்டு வந்தார்.

"தம்பி, மலிவானதையே எடுக்கட்டுமா?"

அதில் இறுவட்டுப் போட முடியாது என்று விளக்கினேன். அவர் சற்று யோசித்துவிட்டு மகன் பக்கம் திரும்பினார்.

"மனே, அப்படியென்றால் நீ கூட்டாளிமாரோடு எதை மாற்றுவாய்?"

பையன் என்னைப் பார்த்தான். அன்று அவர்கள் எதுவும் வாங்கவில்லை. இறுவட்டுப் போடும் பெட்டிக்காக இன்னும் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நன்றி நேயர்களே, வணக்கம்.