13 முதல் 15 வயசுப் பசங்களுக்கு 4 நாள் முகாம்: நடத்துறது எப்படி?

[காட்சி: பள்ளிக்கூட வளாகம். வேப்பமரத்தடியில நாலு அடுப்பு. ஒவ்வொண்ணைச் சுத்தியும் பசங்க.]

32 பசங்க, 4 நாள், 3 ராத்திரி. இந்த அளவுக்கு ஒரு முகாமை எப்படி நடத்துறதுன்னு பார்ப்போம்.

தலைமைப் பண்பு முகாம்னு பேர் வெச்சு, காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் மைக் பிடிச்சுப் பேசினா பசங்க கை தட்டுவாங்க, வீட்டுக்குப் போனதும் மறந்துடுவாங்க. பேச்சுக்கு ஒரு நாளைக்கு 40 நிமிஷம் போதும். மிச்ச நேரமெல்லாம் நிஜ வேலை.

8 பேருக்கு ஒரு அணின்னு 4 அணி பிரிங்க. 1907-ல இங்கிலாந்துல பிரவுன்சீ தீவுல, சாரணர் இயக்கத்தை ஆரம்பிச்ச பேடன் பவல் நடத்தின முகாம்லயும் பசங்களை 4 சின்ன அணியாத்தான் பிரிச்சாங்க. அணி பெருசானா ரெண்டு பேர் வேலை செய்யாம ஒளிஞ்சுக்க இடம் கிடைச்சுடும். 8-க்கு இன்னொரு வசதியும் இருக்கு. காலையில ஒரு தலைவர், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வேற ஒருத்தர்னு மாத்தினா, 4 நாள்ல 8 பேருக்கும் முறை வந்துடும். வாயே திறக்காத பையனுக்கும் வரும். அவன் முறையை மட்டும் முதல் நாள் வைக்காதீங்க, மூணாம் நாள் வைங்க.

ஒரே தெருப் பசங்களை ஒரே அணியில போடாதீங்க. ஊர்ல இருக்குற சாதிக்கோடு அப்படியே வந்து அணிக்குள்ள உட்கார்ந்துடும். சமையல், பரிமாறுறது, கக்கூஸ் கழுவுறது எல்லாமே எல்லாருக்கும் சுத்தி வரணும். அந்த அட்டவணை பசங்க வர்றதுக்கு முன்னாடியே சுவத்துல ஒட்டியிருக்கணும். "யார் செய்றீங்க?"ன்னு கேட்டீங்கன்னா, எப்பவும் செய்யுற பையன்தான் எழுந்து போவான்.

[காட்சி: வாணலி, கிட்டத்துல. தண்ணி தளதளன்னு கொதிக்குது.]

ரெண்டாம் நாள் காலை, உப்புமா. 8 பேருக்கு 1 கிலோ ரவை. ரவை ஒரு டம்ளர்னா தண்ணி ரெண்டரை டம்ளர். தண்ணி நல்லா கொதிக்கணும், தீயைக் குறைக்கணும், ஒருத்தன் ரவையைச் சன்னமா தூவணும், இன்னொருத்தன் கை நிக்காம கிளறணும். மொத்தமா கொட்டினா கட்டி தட்டிடும். தூவுறவனும் கிளறுறவனும் பேசிக்காம இது நடக்காது. "நிறுத்து, இப்போ போடு"ன்னு சொல்றதுதான் தலைவரோட வேலை. அவன் கரண்டியைத் தொடக்கூடாது.

கட்டி தட்டினா என்ன? அதைத்தான் சாப்பிடணும். இங்கதான் பெரியவங்க பொறுக்க முடியாம "குடுப்பா, நான் பார்த்துக்கிறேன்"னு கரண்டியை வாங்கிடுறாங்க. முகாம் கெடுறது பெரும்பாலும் அந்த இடத்துலதான். தீ, கத்தி, கைகலப்பு, இந்த மூணுக்கு மட்டும் உள்ள போங்க. யாராவது கை சுட்டுக்கிட்டா ஓடுற குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டணும். பேஸ்ட், இங்க் எதுவும் தடவ விடாதீங்க.

மூணாம் நாள் அணிக்கு 300 ரூபா கொடுத்து, ஒரு பெரியவரோட உழவர் சந்தைக்கு அனுப்புங்க. மதியச் சாம்பார், பொரியலுக்குக் காய் வாங்கணும். அங்க அன்னன்னைக்கு விலைப்பலகை இருக்கும். அதைப் பார்த்துக் கணக்குப் போட்டு, மீதிப் பணத்தையும் கணக்கு எழுதின நோட்டையும் திருப்பித் தரணும். பணம் குறைஞ்சா திட்டாதீங்க. எங்க குறைஞ்சுதுன்னு அணியே உட்கார்ந்து கண்டுபிடிக்கட்டும்.

[காட்சி: ராத்திரி. அரிக்கேன் விளக்கைச் சுத்தி 8 பேர்.]

ராத்திரி வட்டத்துல 8 பேர்தான் இருக்கணும். 32 பேர் முன்னாடி எந்தப் பையனும் மனசைத் திறக்க மாட்டான். "உன் உணர்வுகளைச் சொல்லு"ன்னு கேட்டா சிரிப்பாங்க. "இன்னைக்கு எப்போ கோவம் வந்துச்சு? உடம்புல எங்க தெரிஞ்சுது, கையிலயா, தொண்டையிலயா?"ன்னு கேளுங்க, பதில் வரும். சொல்ல விருப்பம் இல்லாதவன் "அடுத்தவன்"னு சொல்லிட்டு விட்டுடலாம். யாராவது அழுதா மத்தவங்க பேசாம இருக்கணும். இந்த ரெண்டு விதியையும் முதல் ராத்திரியே சொல்லிடுங்க.

பாதுகாப்புல சமரசமே கூடாது. எந்தப் பெரியவரும் ஒரு பையனோட மூடின அறையில தனியா இருக்கக்கூடாது. பிள்ளைங்க மேல நடக்குற பாலியல் குற்றங்களுக்கு எதிரான 2012 போக்சோ சட்டம் ஆண் பிள்ளைகளையும் காக்குது. தப்பு நடந்தது தெரிஞ்சா புகார் கொடுத்தே ஆகணும், மறைக்கிறது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ எல்லா அறையிலயும் எழுதி வைங்க. கிணறு, ஆறு, குட்டை பக்கம் குளிக்கக் கூட்டிட்டுப் போகவே வேண்டாம். ரெண்டு ரெண்டு பேரா ஜோடி போட்டு, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் முன்னாடி தலை எண்ணுங்க. வயித்துப்போக்கு வந்தா, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கைவசம் இல்லேன்னா, காய்ச்சி ஆறவெச்ச 1 லிட்டர் தண்ணியில தலைதட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொடுத்துக்கிட்டே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

கடைசி நாள் மதியம் அப்பா அம்மாவுக்குப் பசங்களே சமைச்சுப் பரிமாறி, அவங்க எழுந்ததுக்கு அப்புறம் சாப்பிடட்டும். கிளம்புறப்போ ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வேலை எழுதிக் கொடுங்க. ரேஷன் வாங்குறது, தன் துணியைத் தானே துவைக்கிறது, இப்படி ஏதாவது ஒண்ணு. ஒரு மாசம் கழிச்சு போன் போட்டு, "பையன் எப்படி இருக்கான்"னு கேட்காதீங்க. "அந்த வேலையை இப்பவும் அவன்தான் செய்றானா?"ன்னு கேளுங்க.