செல்லாத நோட்டு: மூணு நாடு, மூணு கதை
(ரங்கூன்ல கோயில் மண்டபத்துல பேசினது, பேசினபடியே)

எல்லாருக்கும் வணக்கம். பொருளாதாரக் கொள்கை, ஜனநாயகம்னு பெரிய தலைப்பா குடுத்துட்டாங்க, எனக்குத் தெரிஞ்சது நோட்டுக் கதைதான், அதையே சொல்றேன்.

1987 செப்டம்பர் 5, இங்க பர்மாவுல இருக்கற பெரியவங்களுக்கு மறக்காது. 25, 35, 75 கியாட் நோட்டு செல்லாதுன்னு ரேடியோவுல சொன்னாங்க. 1964லயும் 85லயும் பண்ணினப்பவாவது கொஞ்சம் மாத்திக்க விட்டாங்க, இந்தத் தடவை ஒத்தைக் காசு தரல. எங்கப்பா பெகு பக்கம் நெல்லு வித்து அக்கா கல்யாணத்துக்குன்னு பிஸ்கட் டப்பாவுல 75 நோட்டா அடுக்கி வெச்சிருந்தார், டப்பாவைத் திறந்து பாத்துட்டு ஒண்ணும் பேசாம மூடி வெச்சார். அந்த டப்பா இன்னும் வீட்ல இருக்கு. அப்புறம் புதுசா 45, 90 வந்துச்சு, அப்ப நாட்டை ஆண்ட ஜெனரல் நே வின்னுக்கு ஒன்பது ராசின்னு ஊரே பேசிச்சு. 45 குடுத்து 8 கியாட் சாமான் வாங்கினா மீதி 37, பதினஞ்சு ரெண்டு, அஞ்சு ஒண்ணு, ஒத்தை ரெண்டு, எண்ணிக் குடுக்கறதுக்குள்ள கடைக்காரருக்குத் தலை சுத்தும்! ரெண்டாம் உலகப் போருக்கு முன்னாடி உலகத்துலயே அதிகமா அரிசி ஏத்துமதி பண்ணின நாடு, அதே வருஷம் டிசம்பர்ல ஐ.நா.வோட பரம ஏழை நாடுங்க பட்டியல்ல சேந்துச்சு. நோட்டு போன கையோட ரோட்டுக்கு வந்தது காலேஜ் பசங்கதான், அடுத்த வருஷம், 88ல, நாடு பூரா ஜனநாயகம் கேட்டுக் கிளம்பின போராட்டம் என்ன ஆச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

இந்தியாவுலயும் 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 செல்லாதுன்னாங்க, புழக்கத்துல இருந்ததுல 86 சதவீதம். முட்டாள்தனம்னுதான் நான் சொல்வேன். ஆனா டிசம்பர் கடைசி வரைக்கும் பேங்க்ல கட்ட விட்டாங்க, பேப்பர்ல திட்டினாங்க, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 2023ல நாலு ஜட்ஜ் சரின்னாங்க, ஒருத்தர் தப்புன்னு எழுதினார். நடுவுல 2019 எலெக்‌ஷன்ல அதே கட்சி ஜெயிச்சது வேற விஷயம். ஜனநாயகம்னா தப்பே நடக்காதுன்னு இல்லீங்க, ஏன்யா இப்படிப் பண்ணினேன்னு கேக்கறதுக்கு ஒரு வாசல் திறந்திருக்கும், எங்கப்பா போயி நிக்கறதுக்கு அப்படி ஒரு வாசல் இல்ல.

மொரீஷியஸ் கதை இன்னும் வேடிக்கை. கரும்பைத் தவிர வேற ஒண்ணும் இல்லாத தீவு, உருப்படாதுன்னு நிபுணர்களே நினைச்சாங்க. 1968ல சுதந்திரம், 1970ல ஏத்துமதி ஃபேக்டரிகளுக்குச் சலுகை குடுத்தாங்க, துணி தைச்சே மேல வந்துட்டாங்க. அங்கயும் எமர்ஜென்சி போட்டு எலெக்‌ஷனை 76 வரைக்கும் தள்ளினாங்க, அதையும் சொல்லணும்ல. 1998ல புது நோட்டு அடிச்சப்ப தமிழை நாகரி எழுத்துக்குக் கீழ இறக்கிட்டாங்க, நம்மாளுங்க ரோட்டுக்கு வந்தாங்க, நோட்டையே வாபஸ் வாங்கிட்டாங்க! இங்க நம்ம காசை ஜனங்களைக் கேக்காம செல்லாததாக்கினாங்க, அங்க ஜனங்க கேட்டதுக்காக செல்லாததாக்கினாங்க.

அந்த ஊர் நோட்டு ஒண்ணு கொண்டு வந்திருக்கேன், தமிழ் எங்க இருக்குன்னு தேடிப் பாருங்க. சுத்தி வந்ததும் மறக்காம குடுத்துடுங்க, இரவல் வாங்கினது.